மலிவு விலை நாத்திகம்

அறிவியல் வளர்ந்தால் மதநம்பிக்கை தேயும் என்று ஒரு சாரார் மகிழ்ச்சியோடும் இன்னொரு சாரார் கவலையோடும் சொல்லிவருகிறார்கள். இரு சாராரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். அந்தக் கதைக்கு அச்சு வடிவம் தந்த முதன்மையானவர்களுள் ஒருவர் ஜான் வில்லியம் டிரேப்பர் என்ற அமெரிக்க வேதியியலர். மதத்துக்கும் அறிவியலுக்கும் இடையிலான மோதலின் வரலாறு என்று 1874இல் அவர் ஒரு நூல் எழுதினார். கலிலியோவில் தொடங்கி டார்வினில் வந்து நிற்கும் அந்த வகை வரலாற்றில் அறிஞர்கள் வருகிறார்கள், ஆயர்கள் வருகிறார்கள். புத்தகம் என்ன விலைக்கு விற்றது, யார் வாங்கினார், யார் சிறைக்குப் போனார் என்ற செய்திகள் வருவதில்லை. அந்தச் செய்திகளைச் சேர்த்துப் பார்த்தால் கதையே மாறிவிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தை எடுத்துக்கொண்டு நான் சொல்லவருவது இதுதான்: ஒரு கருத்து மதத்துக்கு ஆபத்தானதா இல்லையா என்பதைத் தீர்மானித்ததில், அந்தக் கருத்துக்கு இருந்த பங்கைவிட அது எந்த வர்க்கத்தின் கைக்குப் போய்ச் சேர்கிறது என்ற கணக்குக்கு இருந்த பங்கு பெரிது. இங்கிலாந்தை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. நம்முடைய பகுத்தறிவு விவாதங்களின் சொற்களில் பல அங்கிருந்து கப்பலில் வந்தவை.

வில்லியம் பேலி என்ற பாதிரியாரிடமிருந்து தொடங்கலாம். 1802இல் வெளிவந்த அவருடைய 'இயற்கை இறையியல்' என்ற நூல் அரை நூற்றாண்டுக்கு மேல் படித்தவர்களின் வீடுகளில் இருந்தது. கண்ணின் அமைப்பையும் எலும்பு மூட்டுகளின் பொருத்தத்தையும் விவரித்து, இவ்வளவு நுட்பமான ஏற்பாட்டுக்குப் பின்னால் ஏற்பாடு செய்தவன் ஒருவன் இருந்தே ஆகவேண்டும் என்று அவர் வாதிட்டார். உடற்கூறியலும் தாவரவியலும் அவர் கையில் கடவுளுக்குச் சாட்சி சொல்லின. இது எல்லோரும் அறிந்த பேலி. அதே பேலி, அந்த நூலுக்குப் பத்தாண்டுகள் முன்பு, பிரெஞ்சுப் புரட்சியின் சூடு இங்கிலாந்தைத் தொட்டுக்கொண்டிருந்த காலத்தில், உழைக்கும் மக்களுக்கென்று ஒரு சிறு நூல் எழுதினார். அவர்கள் தங்கள் நிலையில் மனநிறைவு கொள்வதற்கான காரணங்களை அதில் எடுத்துச் சொன்னார். இந்த இரண்டு நூல்களையும் தனித்தனியே படிப்பதுதான் வழக்கம். சேர்த்துப் படிக்கவேண்டும் என்பது என் கருத்து. மீனுக்குச் செதிலும் பறவைக்கு இறகும் அதனதன் இடத்துக்கென்று திட்டமிட்டு வழங்கப்பட்டவை என்றால், பண்ணையாருக்குப் பண்ணையும் கூலியாளுக்குக் கூலியும் அப்படியே என்று நினைக்க அதிக தூரம் போகவேண்டியதில்லை. 1829இல் இறந்த பிரிட்ஜ்வாட்டர் பிரபு, படைப்பில் வெளிப்படும் இறைவனின் ஞானத்தை விளக்கி நூல் எழுதுவிக்க 8,000 பவுண்டு எழுதிவைத்தார். எட்டுப் பேருக்கு ஆளுக்கு ஆயிரம் பவுண்டு. எழுதியவர்களில் வில்லியம் ஹியூவெல், வில்லியம் பக்லாந்து போன்ற அன்றைய முன்னணி அறிவியலர்கள் இருந்தார்கள். ஆக அறிவியல் அன்று கோவிலுக்கு வெளியே நின்று கல்லெறிந்துகொண்டிருக்கவில்லை. கருவறைக்கு அருகிலேயே அதற்கு ஆசனம் போடப்பட்டிருந்தது.

அந்த ஆசனத்தில் யார் அமரலாம் என்பதற்கும் விதி இருந்தது. ஆங்கிலிகன் திருச்சபையின் 39 கோட்பாடுகளுக்குக் கையொப்பமிடாமல் ஆக்ஸ்ஃபோர்டில் மாணவராகச் சேர முடியாது. கேம்பிரிட்ஜில் படிக்கலாம், பட்டம் வாங்க முடியாது. 1850களில்தான் இந்தக் கட்டுகள் தளர்ந்தன. ஆசிரியப் பதவிகளுக்கும் சேர்த்து அவை பெருமளவு நீங்க 1871 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜில் நிலவியல் கற்பித்த ஆடம் செட்ஜ்விக் குருவாகவும் இருந்தார். திருச்சபையின் உயர் குருமார் பிரபுக்கள் சபையில் உட்கார்ந்து சட்டம் செய்தார்கள். 1831 அக்டோபரில் வாக்குரிமைச் சீர்திருத்த மசோதா அந்தச் சபையில் 41 வாக்கு வித்தியாசத்தில் தோற்றபோது, எதிர்த்து வாக்களித்தவர்களில் 21 பேர் ஆயர்கள். அந்த மாதமே பிரிஸ்டல் நகரக் கலவரத்தில் ஆயரின் மாளிகை கொளுத்தப்பட்டது. இப்படி ஒரு நாட்டில், உயிருக்கு ஆன்மா என்று தனியே ஒன்று தேவையில்லை, பொருளின் அமைப்பே போதும் என்று ஒருவர் சொன்னால் அது வெறும் உடலியல் கருத்தாக நிற்காது. ஆன்மா போனால் மறுமை போகும், மறுமை போனால் ஆயரின் அதிகாரம் போகும், அதோடு அவர் வாக்கும் போகும் என்று கேட்பவர்கள் கணக்குப் போடுவார்கள். ஆள்வோரும் போட்டார்கள், ஆளப்பட்டோரும் போட்டார்கள்.

இதற்கு மிகத் தெளிவான சான்று வில்லியம் லாரன்ஸ் என்ற அறுவை மருத்துவரின் வழக்கு. மனிதனின் உடலியலையும் இயற்கை வரலாற்றையும் பற்றி அவர் அறுவை மருத்துவர் கல்லூரியில் ஆற்றிய உரைகள் 1819இல் நூலாக வந்தன. சிந்தனை என்பது மூளையின் செயல் என்ற போக்கில் அவர் பேசியிருந்தார். கூச்சல் எழுந்தது. அவர் மருத்துவமனைப் பதவிக்கு ஆபத்து வந்தது. நூலைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆனால் தீவிரப் பதிப்பாளர்கள் அதைத் திருட்டுப் பதிப்பாகப் போட்டார்கள். தடுக்கும்படி லாரன்ஸ் தரப்பு நீதிமன்றம் போனபோது, 1822இல் வழக்கை விசாரித்த எல்டன் பிரபு, இந்த நூல் வேதாகமத்துக்கு மாறானது என்று படுகிறது, அப்படிப்பட்ட நூலுக்குச் சட்டத்தின் காப்புரிமை இல்லை என்ற அடிப்படையில் கைவிரித்துவிட்டார். விளைவு என்ன? எந்த நூலை மக்கள் படிக்கக்கூடாது என்று நீதிபதி எண்ணினாரோ அந்த நூலை யார் வேண்டுமானாலும் மலிவாக அச்சிட வழி பிறந்தது. ரிச்சர்ட் கார்லைல் போன்ற பதிப்பாளர்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். இப்போது இந்த இருவரின் பிற்காலத்தைப் பாருங்கள். லாரன்ஸ் அமைதியானார், கல்லூரியின் தலைவரானார், விக்டோரியா அரசியின் அறுவை மருத்துவரானார், 1867இல் பட்டம் பெற்றார். கார்லைல் தகரக் கொல்லராக வாழ்க்கையைத் தொடங்கியவர். தாமஸ் பெய்னின் 'பகுத்தறிவின் காலம்' நூலை விற்றதற்காக 1819இல் டார்செஸ்டர் சிறைக்குப் போனவர், விதிக்கப்பட்ட அபராதத்தைக் கட்டாததால் 1825 வரை உள்ளேயே இருந்தார். கடையில் அவருக்குப் பதிலாக நின்று நூல் விற்ற ஊழியர்களும் ஒருவர்பின் ஒருவராகச் சிறைக்குப் போனார்கள். சிறையிலிருந்துகொண்டே 1821இல் அறிவியலர்களுக்கு ஒரு வேண்டுகோள் எழுதினார் கார்லைல். தெரிந்த உண்மையைப் பதவிக்காக மறைக்கிறீர்களே என்பதுதான் அதன் சாரம். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் வரவில்லை என்பதே என் தீர்ப்பு.

மலிவு விலை என்று சொன்னேன். இது நானாக வரலாற்றுக்குள் கொண்டுவரும் பார்வை என்று யாரும் எண்ணவேண்டாம். சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டது. பெய்ன் மீது 1792இல் நடந்த வழக்கில் அரசுத் தலைமை வழக்கறிஞர், 'மனிதனின் உரிமைகள்' நூலின் முதற்பகுதி மீது ஏன் வழக்குத் தொடரவில்லை என்பதற்குக் காரணம் சொன்னார்: அது விவேகமுள்ள வாசகர்களின் கைக்குத்தான் போகும் என்று எண்ணினாராம். அதன் விலை 3 ஷில்லிங். பின்னர் மலிவுப் பதிப்புகள் கண்டபடி பரவியபோதுதான் சட்டம் விழித்தது. 1819 டிசம்பரில் வந்த சட்டங்களில் ஒன்று, செய்தியும் கருத்தும் தாங்கி 6 பென்னிக்குக் குறைந்த விலையில் அடிக்கடி வெளிவரும் இதழ்கள் மீது 4 பென்னி முத்திரை வரி விதித்தது. அரசையோ திருச்சபையையோ பற்றி என்ன எழுதலாம் என்பதை ஒரு தொகைக்கு மேல் ஒருவிதமாகவும் கீழே இன்னொருவிதமாகவும் பார்க்கும் அரசு, தன் அச்சத்தின் முகவரியைத் தானே எழுதிக் கொடுத்துவிட்டது.

உயிரினங்கள் மாறிவந்தவை என்ற கருத்தும் இதே பாதையில்தான் நடந்தது. டார்வினுக்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்பே, 1841இல் தொடங்கிய 'ஆரக்கிள் ஆஃப் ரீசன்' என்ற நாத்திக வார இதழ் உயிர்களின் படிமுறை வளர்ச்சி பற்றித் தொடர் வெளியிட்டது. அதைப் பெரும்பகுதி எழுதியவர் பிரிஸ்டல் நகர அச்சுக்கோப்பாளர் வில்லியம் சில்டன். அடியிலிருந்து உயிர் தானே மேலெழுந்தது, மேலிருந்து ஆணை வரவில்லை என்பது அவருக்கு உயிரியல் செய்தி மட்டுமாக இருந்திருக்க முடியாது. அந்த இதழின் ஆசிரியர் சார்லஸ் சவுத்வெல் தெய்வ நிந்தனைக்காகச் சிறை சென்றார். அடுத்துப் பொறுப்பேற்ற ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக் 1842இல் ஆறு மாதம் சிறையில் இருந்தார். அந்த 1842இல்தான் டார்வின் தன் கோட்பாட்டின் முதற் சுருக்கத்தை எழுதினார். அது அச்சேறியது 1859இல். இந்த இடைவெளிக்குக் காரணம், நாத்திகத் தொழிலாளர்களோடு தன் பெயரும் சேர்ந்துவிடும் என்ற கனவானின் அச்சமே என்று ஏட்ரியன் டெஸ்மண்டும் ஜேம்ஸ் மூரும் எழுதினார்கள். ஜான் வான் வை அதை மறுத்தார்: டார்வின் பயந்து ஒளித்துவைக்கவில்லை, கையில் இருந்த மற்ற வேலைகளை முடிக்க நாளானது என்றார். கடற்பாறைகளில் ஒட்டி வாழும் பர்னக்கிள் உயிரினங்களை ஆராயவே எட்டு ஆண்டுகள் போயின என்பது உண்மைதான். ஒரு மனிதனின் நெஞ்சுக்குள் இருந்த அச்சத்தை அளந்து சொல்ல நான் முன்வரமாட்டேன். என் வாதத்துக்கு அது தேவையும் இல்லை. ஒரே காலத்தில், ஒரே திசையில் போகும் கருத்துக்காக ஒருவர் சிறைக்குப் போனார், ஒருவர் போகவேண்டியிருக்கவில்லை என்ற வெளிப்படையான செய்தி போதும்.

'உயிரினங்களின் தோற்றம்' முதற்பதிப்பு 1,250 படிகள். விலை ஒரு பண்ணைக் கூலியாளின் வாரச் சம்பளத்துக்கும் அதிகம். ஐந்தாம் பதிப்பும் 15 ஷில்லிங். லங்காஷயர்த் தொழிலாளர்கள் கூட்டாகக் காசு போட்டு அதை வாங்குகிறார்கள் என்று டார்வின் கேள்விப்பட்டார். 1872இல் ஆறாம் பதிப்பு சிறிய எழுத்தில் ஏழரை ஷில்லிங்குக்கு வந்தது. இந்தத் தாகத்தை நன்கு அறிந்தவர் டார்வினின் ஆதரவாளரான உயிரியலர் தாமஸ் ஹக்ஸ்லி. லண்டன் ஜெர்மின் தெருவில் தொழிலாளர்களுக்கென்று அவர் உரையாற்றினார். 1862இல் ஆற்றிய ஆறு உரைகள் சுருக்கெழுத்தில் எடுக்கப்பட்டு நூலாயின. சுண்ணாம்புக் கட்டி ஒன்றை வைத்துக்கொண்டு பூமியின் வரலாற்றையே 1868இல் நாரிச் தொழிலாளர்களுக்கு விளக்கிய உரை இன்றும் அறிவியல் விளக்கத்துக்கு முன்மாதிரியாகப் படிக்கத்தக்கது. எளிய பள்ளி ஆசிரியரின் மகன், கடற்படை உதவி மருத்துவராக இருந்து தன் முயற்சியால் உயர்ந்தவர் அவர். அவர் மீது எனக்குள்ள மதிப்பு குறைந்ததல்ல. ஆனால் குருமாரோடு அவர் நடத்திய போர் எதற்காக என்று கேட்கவேண்டும். குருமார்கள் வகித்த பேராசிரியர் பதவிகளும் அரசு ஆலோசனை இடங்களும் பயிற்சி பெற்ற அறிவியலர்களுக்கு வரவேண்டும் என்பது அதன் பெரும்பகுதி. ஃபிராங்க் டர்னர் என்ற வரலாற்றாசிரியர் இதை 1978இலேயே எடுத்துக்காட்டினார். குருமாரின் இடத்தைப் பிடிக்க நினைப்பவருக்கு, குருமாரைப்போலவே மரியாதைக்குரியவராகத் தோன்றவேண்டிய கட்டாயம் உண்டு. நாத்திகர் என்ற பெயர் தெருமுனை மேடைகளின் பெயராக இருந்தது. ஹக்ஸ்லி 1869இல் தனக்கென்று அறியொணாவாதி என்ற பொருள்படும் புதுப் பெயரொன்றைச் செய்துகொண்டார். அடுத்த ஆண்டு லண்டன் பள்ளிக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, புதிய பொதுப் பள்ளிகளில் ஏழைக் குழந்தைகள் பைபிள் வாசிப்பதை ஆதரித்தார்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். டார்வினின் கோட்பாடு உண்மை என்றால், அதை யார் சொன்னார், எந்த விலைக்கு விற்றார் என்பதெல்லாம் எதற்கு? எல்லாவற்றையும் வர்க்கத்துக்குள் போட்டு அடைத்தால் உண்மைக்கு இடம் எங்கே? நியாயமான கேள்வி. ஒரு கூற்று உண்மையா என்பதைச் சான்றுகள் தீர்க்கும். சில்டன் எழுதிய காரணத்தால் அவர் சொன்ன உயிரியல் சரியாகிவிடாது, உண்மையில் அவரிடம் இயற்கைத் தேர்வு என்ற விளக்கம் இல்லை. டார்வினிடம் இருந்தது. நான் பேசுவது கருத்தின் உண்மையைப் பற்றியல்ல, அதன் தண்டனையைப் பற்றி. தண்டனை சான்றுகளைப் பார்த்து வழங்கப்படவில்லை. செட்ஜ்விக் 1845இல் ஒரு பரிணாம நூலைக் கடுமையாகத் தாக்கியபோது அவருடைய பக்தி போலியானது என்றும் நான் சொல்லவில்லை. அது மெய்யான பக்தி. தன் சமூகத்தில் தான் நிற்கும் படியும் கடவுள் இட்டதே என்று மெய்யாகவே நம்புகிறவரின் பக்தி.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. உழைப்பாளிகள் நாத்திகர்கள், மேட்டுக்குடி பக்திமான்கள் என்ற படம் பொய்யல்லவா? ஆம், அப்படி யாரேனும் வரைந்தால் பொய்தான். 1834இல் தொழிற்சங்கம் அமைத்ததற்காக ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்ட டால்பட்டில் ஊர்ப் பண்ணைத் தொழிலாளர்கள் ஆறு பேரில் பலர் மெதடிஸ்ட் சபையினர், அவர்களின் தலைவர் ஜார்ஜ் லவ்லஸ் சபைப் போதகர். பேசவும் கூட்டம் நடத்தவும் அவர்கள் கற்றது சிற்றாலயத்தில்தான். அதே மெதடிஸம் புரட்சியைத் தடுத்தது என்று வாதிட்ட வரலாற்றாசிரியர்களும் உண்டு. இரண்டுக்கும் சான்று இருக்கிறது. தொழிலாளிக்கும் நிறுவப்பட்ட திருச்சபைக்கும் இடையே என்ன நடந்தது என்பதை 1851 மார்ச் 30ஆம் நாள் எடுத்த வழிபாட்டுக் கணக்கெடுப்பு காட்டுகிறது. அதற்கு அறிக்கை எழுதிய ஹோரஸ் மான், உழைக்கும் மக்கள் திரளாக ஆலயத்துக்கு வருவதில்லை என்று கண்டார். காரணமாக அவர் டார்வினையோ நிலவியலையோ சுட்டவில்லை, 1859க்கு இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தன. காசு கொடுத்தவர்க்குக் குத்தகை இருக்கை, இல்லாதவர்க்கு ஓரமாக இலவச இருக்கை என்று கடவுளின் வீட்டுக்குள்ளேயே போடப்பட்ட வேலியை முதன்மைக் காரணங்களில் ஒன்றாகச் சுட்டினார். சூசன் பட் என்ற ஆய்வாளர், மதத்தைக் கைவிட்ட சாதாரண மக்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் திரட்டி 1967இல் வெளியிட்ட கட்டுரை இதை மேலும் உறுதிசெய்கிறது. அவர்களை மாற்றியவை பெரும்பாலும் பெய்னின் நூலும், பைபிளையே ஊன்றிப் படித்ததும், குருமார் பணக்காரர் பக்கம் நின்றதைக் கண்ட கோபமும். டார்வின் அரிதாகவே வருகிறார். அறிவியல் அவர்களுக்கு நம்பிக்கையை உடைத்த சுத்தியல் அன்று. உடைந்த பின் கையில் எடுத்த ஆயுதம். ஆயுதத்தை எல்லோரும் எடுக்கவும் இல்லை. பதினான்கு வயதில் பள்ளியை விட்டு, ராபர்ட் ஓவனின் சமதர்மக் கூடங்களில் கேட்டு வளர்ந்து, டார்வினோடு ஒரே காலத்தில் இயற்கைத் தேர்வைக் கண்டடைந்த ஆல்ஃப்ரட் ரஸ்ஸல் வாலஸ், 1860களில் ஆவியுலக நம்பிக்கைக்குள் போனார். ஓவனே அவருக்கு முன் போயிருந்தார். திருச்சபையை வெறுத்த உழைப்பாளிகள் பலருக்கு, குருமார் இல்லாத, எவர் வீட்டு மேசையைச் சுற்றியும் நடத்தக்கூடிய அந்த ஆவியுலகம் பிடித்திருந்தது.

இனி 1880களுக்கு வருவோம். நார்தாம்ப்டன் நகரச் செருப்புத் தொழிலாளர்கள் 1880இல் தேர்ந்தெடுத்து அனுப்பிய சார்லஸ் பிராட்லா, நாத்திகர் என்பதால் நாடாளுமன்றத்தில் அமர 1886 வரை போராடவேண்டியிருந்தது. 1882 ஏப்ரலில் டார்வின் இறந்தார். கிறித்தவ நம்பிக்கையைக் கைவிட்ட அவரை வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக்குள் நியூட்டனுக்கு அருகில் அடக்கம் செய்தார்கள். பிரபுக்களும் ஹக்ஸ்லியும் வாலஸும் பேழைத் துணியைப் பிடித்து நடந்தார்கள். ஓராண்டு முடியவில்லை. 1883 மார்ச்சில், ஒரு பென்னி விலையுள்ள 'ஃபிரீதிங்கர்' வார இதழின் ஆசிரியர் ஜி. டபிள்யூ. ஃபூட்டுக்குத் தெய்வ நிந்தனைக்காகப் பன்னிரண்டு மாதச் சிறை கிடைத்தது. அவர் பைபிளைக் கேலிச்சித்திரமாகப் போட்டார், தண்டனை கேலிக்குத்தான், கருத்துக்கு அல்ல என்பீர்கள். அடுத்த மாதம் நடந்த இன்னொரு வழக்கில் தலைமை நீதிபதி கோல்ரிட்ஜ் பிரபு சட்டத்தை அப்படித்தான் விளக்கினார்: கண்ணியமான முறையில் எழுதினால் மதத்தின் அடிப்படையையே மறுக்கலாம், குற்றமில்லை. அதற்கு முன்பிருந்த சட்டத்தைவிட இது எவ்வளவோ மேல் என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் கண்ணியமான நடை எங்கே கற்பிக்கப்பட்டது, யாருக்குக் கற்பிக்கப்பட்டது? ஹக்ஸ்லி, மில், ஆர்னால்டு ஆகியோரின் விலையுயர்ந்த நூல்களில் உள்ள கருத்துகளை ஃபூட் நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டி, இவர்கள் ஏன் கூண்டில் இல்லை என்று கேட்டார். அதே 1883இல் பிராட்லாவின் மகளுக்கும் அன்று அவர் இயக்கத்தில் இருந்த அன்னி பெசன்ட்டுக்கும் தாவரவியல் வகுப்பில் இடம் மறுத்தது லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரி. மதச் சோதனை வைக்காத கல்லூரி என்ற பெருமையோடு தொடங்கப்பட்ட கல்லூரி அது.

அன்னி பெசன்ட் பின்னர் பிரம்மஞான சபையின் தலைவராக அடையாற்றில் வாழ்ந்ததை நாம் அறிவோம். அவருக்கு முன்பே பிராட்லாவின் இயக்கம் சென்னை வந்துவிட்டது. சென்னை இலௌகிக சங்கம் 1882 முதல் 1888 வரை 'தத்துவ விவேசினி' என்ற தமிழ் இதழை நடத்தியது. அதன் துணை இதழாக 'திங்க்கர்' ஆங்கிலத்தில் வந்தது. லண்டனில் ஃபூட் சிறையில் இருந்த மாதங்களில் இங்கே அச்சான இதழ் அது. இங்கே ஆயரின் இடத்தில் சாதி இருந்தது, குத்தகை இருக்கையின் இடத்தில் கோவில் நுழைவுத் தடை இருந்தது. 1925இல் பெரியார் தொடங்கிய 'குடி அரசு' கடவுளைக் கேள்வி கேட்டதும் முதலில் புதைபடிவங்களை வைத்து அல்ல, இழிவை வைத்து. 1930களில் பகத் சிங்கின் நாத்திகக் கட்டுரையை ப. ஜீவானந்தம் தமிழாக்க, அது சிறு நூலாக வந்தபோது அரசு வழக்குப் போட்டது. இந்த வரலாறு லண்டனின் நகல் என்று சொல்வது தவறு. ஆனால் அறிவியல் தானாக வந்து மூடநம்பிக்கையை விரட்டியது என்று இரண்டு ஊர்களைப் பற்றியும் சொல்வது அதைவிடப் பெரிய தவறு. பள்ளியில் பரிணாமம் படித்துத் தேறி, சாதி பார்த்துப் பெண் எடுக்கும் பொறியாளருக்கு அறிவியல் குறைவுபடவில்லை.

'தத்துவ விவேசினி' இதழ்களைப் பேராசிரியர் வீ. அரசு தொகுத்திருக்கிறார். சென்னையில் அச்சான அந்தப் பக்கங்களை எழுதியவர்களின் பெயர்கள் நம் பாடநூல்களில் இல்லை. வந்திருக்கும் இளைஞர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். டார்வினைப் படியுங்கள், கட்டாயம் படியுங்கள். அந்தத் தொகுதிகளையும் வாங்கிப் படியுங்கள்.